நான் அடித்த தண்ணீர்

பயிற்சிக் கையேட்டின் கடைசியில் சேர்ப்பதற்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நரைத்த தலையைப் பார்த்து என்னைப் பெரிய அனுபவசாலி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. திரவ இயற்கை எரிவாயுவோடு நான் வேலை பார்த்தது ஆறே ஆண்டுகள். அதற்கு முன்னால் இருபத்தெட்டு ஆண்டுகள் உலை எண்ணெய். கறுப்பாக, கெட்டியாக, சூடு பண்ணினால்தான் குழாயில் ஓடும் எண்ணெய். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அதுதான். இங்கே நான் சொல்லப்போகும் தவறையும் அதுதான் கற்றுக்கொடுத்தது.

நான் எரிவாயுவுக்கு மாறிய காலத்தில் கும்மிடிப்பூண்டியில் இதை வைத்திருந்த தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடலோரத்தில் கப்பல் வந்து இறக்கும். மீஞ்சூர் வழியாக டேங்கர் லாரிகள் ஏற்றிக்கொண்டு வரும். இப்போது காக்களூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்கூட எண்ணெயை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டார். லாரிகளே இதில் ஓடுகின்றன. எந்த டேங்கர் எங்கே நிற்கிறது, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பது உங்கள் கைப்பேசியில் தெரிகிறது. பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கவேண்டும். எனக்கென்னவோ கவலையாகத்தான் இருக்கிறது. இவ்வளவு வேகமாக வளரும் தொழிலில் பாதிப்பேர் வேறு எங்கிருந்தோ வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் மூளை புதியதைப் படித்திருக்கும். கைகள் பழைய வேலையிலேயே இருக்கும். என் கைகள் அப்படித்தான் இருந்தன.

அலுமினியம் உருக்கும் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம் எங்கள் நிலையம். டேங்கரில் வரும் திரவத்தை எங்கள் தொட்டியில் இறக்கி, மறுபடி வாயுவாக்கி, உலைக்குக் கொடுக்கவேண்டும். பகல் ஷிப்டுக்கு நான் பொறுப்பு. மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு டேங்கர் வந்து நின்றது. அது எங்களுக்காக ஏற்றிய சரக்கு இல்லை. வேறொரு தொழிற்சாலைக்குப் போய், அங்கே வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றதால் திருப்பி அனுப்பப்பட்டது. மூன்று நாளாக இங்கும் அங்கும் நின்றுவிட்டு எங்களிடம் வந்திருந்தது. எங்களிடமும் இடமில்லை. முந்தின நாள்தான் உலையின் உள்சுவர் விரிசல் விட்டு உலையை அணைத்திருந்தார்கள். எரிவாயு செலவாகவில்லை. தொட்டி நிரம்பி இருந்தது.

"நாளைக்கு உலைய பத்த வெச்சிடுவாங்க, அதுவரை வண்டி அங்கேயே நிக்கட்டும்" என்று அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

டேங்கரை ஓட்டிவந்தவர் பள்ளிப்பட்டுக்காரர். என் வயதுதான் இருக்கும். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார், அதனால் எல்லோரும் அவரையும் அப்படியே கூப்பிடுவோம். என்னை மட்டும் சார் என்பார். பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். வண்டியை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"சார், வண்டி ஒடம்பு வேர்க்குது சார். மூணு நாளா பாத்துக்கினு வரேன். இன்னிக்கு ரொம்ப."

"மழக்காலம் நைனா. எங்க ஊட்டு செவுரே வேர்க்குது."

"இது அந்த வேர்வ இல்ல சார். வந்து தொட்டுப் பாருங்க."

நான் போய்த் தொடவில்லை. மேசையில் எழுதவேண்டியவை கிடந்தன. "பாக்கறேன்" என்றேன்.

டேங்கரின் உடம்பு இரண்டு அடுக்கு. நடுவில் காற்று இல்லாத வெற்றிடம். வெளியில் இருக்கும் வெயில், உள்ளே உறைகுளிரில் இருக்கும் திரவத்துக்குப் போகாமல் தடுப்பது அந்த வெற்றிடம்தான். அதில் ஒரு கசிவு விழுந்தால் வெளி அடுக்கு குளிர்ந்து வேர்க்கும். உள்ளே திரவம் கொதித்து வாயுவாகும். அறுநூறு பங்கை ஒரு பங்காகச் சுருக்கி அடைத்து வைத்திருப்பது மறுபடி விரியப் பார்க்கும். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். பயிற்சித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

ஒன்றரை மணிக்குப் பள்ளிப்பட்டுக்காரர் மறுபடி வந்தார். அழுத்தமானியின் முள் மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டது என்றார். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நீங்க போயி சாப்ட்டுட்டு வாங்க நைனா, நான் இங்கதான இருக்கேன்" என்று அனுப்பினேன். வாசலுக்கு எதிரே மேரியம்மாவின் கடை. இட்லியிலிருந்து பிரியாணி வரை எல்லாம் போடுவார். மூன்று அடுப்புகள் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும்.

அவர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. டேங்கரின் பின்பக்க உச்சியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது.

அந்தச் சத்தத்தை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்காமலே இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. காதுக்குள் ஆணி இறங்குவதுபோல் ஒரு அலறல். வெள்ளையாக ஒரு மேகம் குழாயிலிருந்து பீறிட்டு, மேலே போகாமல் வளைந்து, டேங்கரின் முதுகிலேயே வழிந்தது. காற்றே இல்லாத நாள் அது. மேகம் தரைக்கு இறங்கி வாசல் பக்கம் நகர ஆரம்பித்தது. வேலிக்கு அப்பால் தொழிற்சாலை ஆட்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். காவலாளி என்னைப் பார்த்தார். எல்லோருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் செய்யவேண்டியது அபாயச் சங்கை அழுத்துவது, சுற்றிலும் நெருப்பை அணைப்பது, ஆட்களைத் தூரத்தில் நிறுத்துவது. சங்கு என் அறையின் சுவரில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. அழுத்தினால் மொத்தத் தொழிற்சாலையும் வெளியே வரவேண்டும். தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்லவேண்டும். எரிவாயு ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நாமே சாட்சி கொடுத்ததுபோல் ஆகும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, பாருங்கள்.

என் கை சங்குக்குப் போகவில்லை. தீயணைப்புக் குழாய்க்குப் போனது.

எண்ணெய்த் தொட்டி சூடேறினால் தண்ணீர் அடிக்கவேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறேன். குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். பீறிடும் மேகத்தின் வாயைக் குறிபார்த்து நேராக அடித்தேன். எவ்வளவு நேரம் அடித்தேன் என்று தெரியவில்லை. அலறல் மெல்லக் கம்மியது. விசில் மாதிரி ஆனது. நின்றே போனது.

வேலிக்கு அப்பாலிருந்து கை தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள். "சூப்பர் சார்!" என்று ஒருவர் கத்தினார். நான் குழாயைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மனத்துக்குள் ஒரு பெருமிதம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அப்போதுதான் பள்ளிப்பட்டுக்காரர் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். வால்வை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராக டேங்கரின் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து முள்ளைப் பார்த்தார்.

"சார், இன்னா பண்ணீங்க?"

"நின்னுடுச்சு நைனா."

"சத்தம்தான் சார் நின்னுச்சு. முள்ளு ஏறிக்கினே இருக்குது. சிவப்புக்கு மேல போய்ட்டுது. வந்து பாருங்க."

இந்த முறை போனேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். வால்வின் குழாய் வாயில், நான் அடித்த தண்ணீர் ஒரு பெரிய பனிக்கட்டியாக உறைந்து அடைத்திருந்தது. இரண்டாவது பாதுகாப்பு வால்வுக்கும் அந்த ஒரே குழாய்தான் வழி. கையால் திறந்துவிடும் வால்வுக்கும் அதேதான். டேங்கர் மூச்சுவிட இருந்த ஒரே மூக்கை நான் பொத்திவிட்டிருந்தேன்.

"மேல ஏறி ஒரு கம்பியால தட்டி ஒடச்சிடலாம்" என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். நானே ஏறுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அதுவரை அப்படி யாரும் என்னைப் பிடித்ததில்லை. "இரும்ப இரும்புல தட்னா இன்னா ஆவும் சார்? ஒரு பொறி போதும். ஒடஞ்சாலும் உங்க மூஞ்சிலதான் அடிக்கும். மொதல்ல சங்க ஊதுங்க. அப்புறம் யோசிக்கலாம்."

ஓடிப்போய்ச் சங்கை அழுத்தினேன். நேரம் ஒன்றே முக்கால். அந்த நேரம் எனக்கு ஏன் மறக்கவில்லை என்றால், இரண்டு மணி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மூன்று கம்பெனி பஸ்கள் அந்நேரம் சாலையில் வந்துகொண்டிருந்தன. எங்கள் வாசலைத் தாண்டித்தான் அவை நிற்கும். வெள்ளை மேகத்தின் மிச்சம் இன்னும் வாசலோரம் தரையில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளை வெறும் ஈரம்தான். அதைத் தாண்டியும், தெரியாமல், வாயு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான் வாசலுக்கு ஓடினேன். மேரியம்மா கடைக்கு வெளியே நின்றிருந்தார்.

"ஒத்திகையா, நெஜமா சார்?"

"நெஜம் மேரிம்மா!"

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று அடுப்புகளின் சிலிண்டரையும் மூடினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தட்டை வைக்கச் சொல்லி எதிர்த்திசையில் விரட்டினார். பீடி பற்றவைத்திருந்த ஒருவரின் வாயிலிருந்து அதைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டார். பிறகு சாலையில் இறங்கி நேராக நடந்தார். தூரத்தில் முதல் பஸ் திரும்பியது. அவர் நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "அங்கயே நில்லு! இஞ்சின ஆஃப் பண்ணு! இப்டிக்கா வராதய்யா, கேஸு!" என்ற அவர் குரல் எனக்கு இங்கே கேட்டது.

எங்கள் பாதுகாப்பு ஒத்திகையில் முழு வகுப்பையும் உட்கார்ந்து கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. வந்தவர்களுக்கு டீ கொடுக்க வந்தவர், கிளாஸ்களைத் திரும்ப வாங்குவதற்காகக் கடைசிவரை இருந்திருக்கிறார்.

நான் திரும்பி ஓடிவந்தபோது பள்ளிப்பட்டுக்காரர் ஒரு கனமான குழாயை இழுத்துவந்துகொண்டிருந்தார். எங்கள் நிலையத்தின் மூலையில், வாயுவை உயரத்தில் விட்டுவிடுவதற்கென்று ஒரு நெட்டைக் குழாய் உண்டு. டேங்கரின் மேற்பகுதியில் சேரும் வாயுவை வெளியே எடுக்கப் பெட்டிக்குள் இன்னொரு இணைப்பு உண்டு. இரண்டையும் சேர்த்துவிட்டால், அடைபட்ட மூக்கை விட்டுவிட்டு வேறு வழியில் மூச்சுவிடச் செய்யலாம். எனக்குத் தோன்றியிருக்கவேண்டியது அவருக்குத் தோன்றியது.

"அந்தப் பக்கம் நீங்க மாட்டுங்க. இந்தப் பக்கம் நா மாட்றேன்" என்றார்.

"நான் வண்டி பக்கம் வரேன் நைனா. என் தப்பு இது."

"இந்த வண்டிய எனக்குத் தெரியும் சார். உங்களுக்குத் தெரியாது. போங்க."

போனேன். என் பக்கம் மாட்டி முடித்துவிட்டு, வால்வின் சக்கரத்தில் கை வைத்துக் காத்திருந்தேன். இருபதடி தூரத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. டேங்கரின் உடம்பிலிருந்து மெலிதாக ஒரு முனகல் வந்தது. உலோகம் முனகுவதை அன்றுதான் கேட்டேன். எனக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு அந்த மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. ஓடிவிடலாமா என்று தோன்றியது. கால் ஒரு அடி பின்னால் போயும்விட்டது. அதையும் எழுதிவைக்கிறேன்.

திடீரென்று அவர் "அம்மா!" என்று கத்தினார்.

பெட்டிக்குள் எல்லாம் நான் அடித்த தண்ணீரால் நனைந்திருந்தது. அவருடைய கையுறையும் நனைந்துவிட்டது. உறைகுளிரில் இருந்த இணைப்பைப் பிடித்தவுடன், ஈரக் கையுறை இரும்போடு சேர்ந்து உறைந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே விரல்கள். அவர் கையைப் பிடுங்கினார். கையுறை அங்கேயே நின்றது. வலது கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, இடது கையால் இணைப்பை இறுக்கினார். தோளை முட்டுக் கொடுத்து வால்வைத் திருப்பினார்.

"தொறங்க சார்!"

திறந்தேன். நெட்டைக் குழாயின் உச்சியில், எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே, மறுபடி அந்த அலறல் எழுந்தது. காலையிலிருந்து நான் கேட்ட சத்தங்களிலேயே நல்ல சத்தம் அதுதான். அவர் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் போய் நின்றேன். முள் அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒரு நடுக்கம் வந்தது. முள் தலையைத் தாழ்த்த ஆரம்பித்தது. அது சிவப்புக் கோட்டுக்குக் கீழே வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் மேரியம்மா சாலையில் நின்று ஒரு வண்டியையும் விடவில்லை.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பள்ளிப்பட்டுக்காரரின் இரண்டு விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தோல் செத்து உரிந்து புதிதாக வந்தது. ஆனால் அந்த நுனிகளில் இன்றைக்கும் உணர்வு இல்லை. சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரமாகும்.

இத்தோடு முடித்துவிட்டால் இது துணிச்சல் கதையாகிவிடும். கையேட்டில் போடுவதற்கு அதுதான் வசதி. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்று மாலை ஐந்து மணிக்கு நடந்ததைத்தான்.

மாலையில் பதிவேட்டில் எழுதவேண்டியிருந்தது. நான் எழுதினேன்: "பாதுகாப்பு வால்வு திறந்தது. முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர் தெளிக்கப்பட்டது. வால்வு தானாக மூடிக்கொண்டது. பிறகு உயரக் குழாய் வழியே அழுத்தம் குறைக்கப்பட்டது." நான்கு வரிகள். ஒரே ஒரு சொல்தான் பொய். 'தானாக.' அதற்குள் பனிக்கட்டி உருகி வழிந்துபோயிருந்தது. கை தட்டியவர்களுக்கு நான் வீரன். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. நான்கு நாள் கழித்து விசாரணை நடந்தது. மேலாளர் ஒருவர் அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், நிதானமானவர். பதிவேட்டைப் படித்துவிட்டுப் பள்ளிப்பட்டுக்காரரிடம் திரும்பினார். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"வால்வு தானா மூடிடுச்சுன்னா நிலைமை கட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் எதுக்கு நீங்க அவசரப்பட்டுக் குழாய மாட்டினீங்க? அதனாலதானே கையில அடி? அதோட வால்வு திறந்தப்போ நீங்க வண்டிகிட்டயே இல்ல. கடையில சாப்ட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

பள்ளிப்பட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் பேனாவை எடுத்தார். வண்டியை விட்டு விலகியது, அனுமதியில்லாமல் இணைப்பு கொடுத்தது என்று எழுதினால், அதன்பிறகு எந்த நிறுவனமும் அவருக்கு எரிவாயு டேங்கர் கொடுக்காது. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

டேங்கர் முனகியபோது பின்னால் போன என் கால், இந்த அறையிலும் பின்னால் போனது. மூத்தவன், ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள், பெண்ணுக்குக் கல்யாணம். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேனா தாளைத் தொட்டது.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "தானாங்கற வார்த்தைய அடிச்சிடுங்க. அது பொய். நான் அடிச்ச தண்ணி ஒறஞ்சு வால்வ அடச்சிடுச்சு. சத்தம் நின்னதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். முள்ளப் பாத்தது அவர்தான். சாப்பிட அனுப்பினது நான். வண்டி வேர்க்குதுன்னு காலையிலயே சொன்னார், நான் போய்ப் பாக்கல, எழுதவும் இல்ல. அவர் கையுறை நனஞ்சதும் என் தண்ணியாலதான்."

மேலாளர் எழுத ஆரம்பித்திருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தார்.

டேங்கரைச் சோதித்தபோது வெற்றிடம் போயிருந்தது தெரியவந்தது. பள்ளிப்பட்டுக்காரரின் வேலை நிலைத்தது. என்னை ஷிப்டுப் பொறுப்பிலிருந்து எடுத்துப் பயிற்சி அறையில் போட்டார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். நீங்கள் இப்போது நிரப்பும் படிவத்தில் "ஓட்டுநர் சொன்னது" என்று ஒரு கட்டம் இருக்கிறது அல்லவா, அது அந்த வாரம் வந்ததுதான். அதில் பாதிப்பேர் கோடு போட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்கள் படிவங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். இடது கையால் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று சொல்ல இப்போதும் கூசுகிறது.

"நெஜத்த சொல்ல நாலு நாளு ஆச்சா சார்?" என்றார்.

"பயமா இருந்துச்சு நைனா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை அந்த முகத்தில். களைப்புதான் இருந்தது.

"எனக்கும் பயமாத்தான் சார் இருந்துச்சு" என்றார். "ஆனா நா அப்பவே கைய வெச்சேன்."